சிறுவாடும் நோக்கக் குறியீடும்

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில், அரிசிப் பானைக்குள், பழைய புடவையின் மடிப்பில், முந்தானை முடிச்சில் இருந்த காசுக்கு நம் பாட்டிகள் வைத்த பெயர் சிறுவாடு. பால் விற்றது, முட்டை விற்றது, பூக்கட்டிக் கொடுத்தது, காய்கறிக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் சேரும். சேமிப்பு என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. சேமிப்பைப் பற்றி வீட்டில் பேசலாம். சிறுவாட்டைப் பற்றிப் பேச முடியாது. எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டியதும், தம்பிக்கு ஆத்திர அவசரத்துக்குக் கொடுத்ததும், சில வேளைகளில் அடி தாங்காமல் ராத்திரி பஸ் ஏறியதும் அந்தக் காசில்தான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். 2008 முதல் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு க்ளையண்டுகளுக்கு வேலை செய்கிறேன். இந்த ஆண்டுகளில் நான் கற்ற கணினி மொழிகள் நான்கைந்துதான். ஆனால் ஆன்லைனில் பணம் பெறும் கணக்குகளின் விதிகளை எத்தனை முறை புதிதாகக் கற்றேன் என்பதற்குக் கணக்கில்லை. யார் பணம் பெறலாம், எவ்வளவு பெறலாம், எந்தப் பெயரில் பெறலாம், பெற்றதை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? இந்தக் கேள்விகள் எப்போது தொடங்கின என்று தேடிக்கொண்டே பின்னால் போனேன். இணையத்தையும் கணினியையும் தாண்டி, தரும சாத்திரம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

காத்தியாயனர் பெயரில் வழங்கும் தரும நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த உரைகாரர்கள் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டுதான் அதை அறிகிறோம். பெண்ணின் சொத்து பற்றிய அவருடைய விதிகளில் ஒன்று இப்படிப் போகிறது: பெண் கைத்தொழிலால் ஈட்டியதும், உறவல்லாத அந்நியர் அவளுக்கு அன்பால் கொடுத்ததும் கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டவை, மற்றவையே அவளுடைய ஸ்திரீதனம். அதாவது அப்பா போட்ட நகை அவளுடையது, அண்ணன் கொடுத்த பாத்திரம் அவளுடையது. அவளே உழைத்துச் சம்பாதித்தது மட்டும் அவளுடையது அல்ல.

முதல் வாசிப்பில் இது தலைகீழாகத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் அதற்குள் ஒரு கணக்கு இருப்பது தெரியும். அப்பா போட்ட நகை எத்தனை பவுன் என்று ஊருக்கே தெரியும். கல்யாணப் பந்தலிலேயே எண்ணிப் பார்த்திருப்பார்கள். அந்நியரிடமிருந்து வரும் காசு அப்படியல்ல. எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பது குடும்பத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாத பணத்தின் மீதுதான் அதிகாரத்தைக் கூடுதலாக நிறுத்துகிறார்கள். கைத்தொழில், அந்நியர் என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ரீலான்ஸ் வேலைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

பிரிட்டிஷ் ஆட்சி இதை மாற்றியதா? பாதி மாற்றியது, யாருக்கு என்பதில் கவனமாக இருந்தது. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், மனைவி தன் வேலையாலோ தொழிலாலோ வியாபாரத்தாலோ ஈட்டுவது அவளுடைய தனிச் சொத்து என்றது. இலக்கிய, கலை, அறிவியல் திறமையால் ஈட்டுவதையும் சேர்த்தது. (இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஆக நான் இலக்கியவாதி. என் மாமியார் இன்னும் நம்பவில்லை.) பணம் பெற்றதற்கு அவள் ஒருத்தியின் ரசீதே போதும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. கணவனின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, திருமணத்தின்போது இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமண மதங்களைச் சேர்ந்த பெண்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கிவிட்டது. நாட்டின் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஒரு வரியில் வெளியே போனார்கள்.

இந்துப் பெண்களுக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் சொத்து எந்தெந்த வழிகளில் வந்தாலும் அவளே முழு உரிமையாளர் என்று ஒரு நீண்ட பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் இரண்டு இடங்களில் நான் நின்றுவிட்டேன். ஒன்று, உறவினரோ அல்லாதவரோ யார் கொடுத்திருந்தாலும். இன்னொன்று, அவளுடைய சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் பெற்றது. அந்நியர், கைத்தொழில் என்ற இரண்டு கதவுகளையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டார்கள். சட்டம் எழுதியவர்கள் காத்தியாயனரை எதிரே வைத்துக்கொண்டு எழுதியதைப் போலவே இருக்கிறது.

உரிமை வந்துவிட்டது. ஆனால் பணத்தை வாங்கி வைக்க ஒரு கணக்கு வேண்டுமே? அது வேறு கதை. அதற்கு இங்கிலாந்து வரை போய்வர வேண்டும்.

ஸ்டெஃபனி ஷெர்லி ஐந்து வயதில், 1939இல், நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட யூதக் குழந்தைகளில் ஒருவர். வளர்ந்து கணிதமும் கணினியும் கற்று, அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். 1962இல், கையில் ஆறு பவுண்டு வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். பெயர் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்'. கல்யாணம் ஆனதாலும் பிள்ளை பெற்றதாலும் வேலையை விட்ட கணினிப் பெண்களை வீட்டிலிருந்தே நிரல் எழுத வைப்பதுதான் அவருடைய திட்டம். காகிதத்தில் பென்சிலால் எழுதி, தபாலில் அனுப்புவார்கள். வீட்டில் தொலைபேசி இருப்பது வேலைக்கான தகுதிகளில் ஒன்று. முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான நிரலாக்கம் இந்தப் பெண்கள் செய்தது.

இரண்டு தடைகளை அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கு திறக்க அவருக்குக் கணவரின் அனுமதி தேவைப்பட்டது. தன் பெயரில் அவர் அனுப்பிய வியாபாரக் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார்: 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டுப் பார். போட்டார். பதில்கள் வந்தன. நேரில் வந்து நிற்பது ஒரு பெண் என்று தெரிவதற்குள் அறைக்குள் நுழைந்துவிடலாம் அல்லவா? தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழுவது கேட்காமலிருக்க, தட்டச்சுச் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து பின்னால் ஓடவிடுவாராம். கொரோனா காலத்தில் ஜூம் கூட்டத்தின் நடுவே மைக்கை அணைத்து அணைத்துப் போட்ட நமக்கு அது புரியும்.

அந்த ஸ்டீவ் ஒரு வேடம்தான். ஆனால் அது அவரே தேர்ந்தெடுத்த வேடம். எப்போது போட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. பிரான்ஸில் திருமணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் கணக்குத் திறக்க 1965ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நம் அம்மாக்கள் பிறந்த காலம் வரைக்கும் ஐரோப்பாவிலும் நிலைமை இதுதான் என்று விளங்கும்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். 2008இல் ஓடெஸ்க், ஈலான்ஸ் போன்ற தளங்களில் வேலை பிடித்தால், பணம் பேபாலில் வரும். அன்றைக்குப் பேபால் கணக்கில் டாலரை அப்படியே வைத்திருக்கலாம். அதிலிருந்தே டொமைன் பெயர் வாங்கலாம், சர்வர் வாடகை கட்டலாம், புத்தகம் வாங்கலாம். வேண்டியபோது மட்டும் கொஞ்சம் எடுத்து இந்திய வங்கிக்கு அனுப்பலாம். என்னைப் போல் அந்தக் காலத்தில் வேலை தொடங்கிய பெண்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்கிறார்கள். அந்த டாலர் இருப்பு வீட்டில் யாருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கடுகு டப்பா மின்னணு வடிவத்தில் திரும்பி வந்திருந்தது.

2010 பிப்ரவரியில் அது ஆட்டம் கண்டது. இந்தியாவுக்கு வரும், இந்தியாவிலிருந்து போகும் தனிநபர் பரிமாற்றங்களைப் பேபால் நிறுத்தியது. இந்திய வங்கிகளுக்குப் பணம் எடுப்பதும் சில வாரங்களுக்கு நின்றது. வேலை முடித்துப் பணம் வாங்கியவர்கள் அதைத் தொட முடியாமல் நின்றார்கள். எடுப்பது மீண்டும் தொடங்கியபோது ஒரு புதுக் கட்டம் படிவத்தில் வந்திருந்தது: நோக்கம் என்ன?

அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி, ஆன்லைன் கட்டண நிறுவனங்கள் வழியாக ஏற்றுமதிப் பணம் வருவதற்கு விதிகள் வெளியிட்டது. ஒரு பரிமாற்றம் 500 டாலரைத் தாண்டக் கூடாது. வந்த பணம் குறிப்பிட்ட நாட்களுக்குள் இந்திய வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். பேபால் இதை 2011 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஏழு நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும், இருப்பை வைத்து எதையும் வாங்கக் கூடாது. பின்னாளில் நாம் கேட்காமலேயே தினமும் வங்கிக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு வந்தது. 500 டாலர் வரம்பு 2011 அக்டோபரில் 3,000 ஆகவும், 2013இல் 10,000 ஆகவும் உயர்ந்தது. அதுவரைக்கும் 1,400 டாலர் வேலையை மூன்று இன்வாய்ஸாக வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். இது ஏன் என்று க்ளையண்டுக்கு விளக்குவதே தனி வேலை.

ரிசர்வ் வங்கிக்குக் காரணங்கள் இருந்தன. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இருக்கிறது, ஏற்றுமதி வருமானம் நாட்டுக்குள் வந்தாக வேண்டும், உரிமம் இல்லாத ஓர் அயல்நாட்டு நிறுவனம் வங்கியைப் போல் மக்கள் பணத்தை வைத்துக்கொண்டிருப்பதை எந்த மைய வங்கியும் விரும்பாது. வரி ஏய்ப்பவர்களும் அந்தக் கதவைப் பயன்படுத்தத்தான் செய்தார்கள். என் எதிர்ப்பு விதி இருந்ததற்கு அல்ல. 'இந்திய வங்கிக் கணக்கு' என்று எழுதியபோது, அந்தக் கணக்கு யாருடைய வீட்டில் இருக்கிறது என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கணக்கில் கைப்பேசி எண் கணவருடையது. கல்யாணமான புதிதில் அவர்தான் கணக்கு திறந்து கொடுத்தார். 2011 மார்ச்சுக்குப் பிறகு அவள் முடித்த ஒவ்வொரு வேலையும், அவள் மின்னஞ்சலைப் பார்க்கும் முன்பே, அவர் கைப்பேசியில் எஸ்எம்எஸ்ஸாக ஒலித்தது. அந்த வருடம் அவர்கள் கார் வாங்கினார்கள். 'வாங்கினோம்' என்று சொல்லிவிட்டு, 'வாங்கினார்' என்று அவளே திருத்திக்கொண்டாள்.

நோக்கம் என்ற கட்டத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் ஒரு குறியீடு உண்டு. மென்பொருள் ஆலோசனைக்கும் செயலாக்கத்துக்கும் பி0802. வெளிநாடு வாழ் இந்தியர் குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணத்துக்கு பி1301. ஒரு க்ளையண்ட் 2012இல் எனக்கு நேரடியாக வங்கி வழியே பணம் அனுப்பினார். வங்கியில் எனக்கு யாரும் ஃபோன் செய்யவில்லை, எந்தப் படிவமும் கொடுக்கவில்லை. பணம் கணக்கில் ஏறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்காக என் ஏற்றுமதி வருமானத்துக்குச் சான்று கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பணமும் அதன்பின் வந்த ஏழு தவணைகளும் பி1301இல் பதிவாகியிருந்தன. கவுண்டரில் இருந்தவர் தன்மையாகவே கேட்டார்: "சார் எந்த நாட்டுல இருக்காரும்மா?"

சார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெண் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் கணவர் வளைகுடாவில் இருப்பார் என்பது அந்தக் கிளைக்குப் பழக்கமான கணக்கு. அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வருட உழைப்பு, நாட்டின் ஏடுகளில், யாரோ ஓர் ஆண் எனக்கு அனுப்பிய வீட்டுச் செலவுக் காசாக எழுதப்பட்டிருந்தது. திருத்துவதற்கு எட்டு இன்வாய்ஸ், எட்டு ஒப்பந்தம், எட்டுக் கடிதம். என் க்ளையண்டுகள் யார், அவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தேன், எவ்வளவு வாங்கினேன் என்ற விவரம் மொத்தமும் அந்தக் கிளையின் மேசைகள் வழியே போய்வந்தது. கிளையில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் தெருக்காரர். கடன் விண்ணப்பம் மேலே போவதற்குள் என் சம்பாத்தியம் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனிப் பெயர். தமிழ்ப் பெண்களுக்கு இது தனித் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் அட்டை விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது. விரித்து எழுத வேண்டும். கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். பத்மா என்று ஒருத்தி, அப்பா பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். பான் அட்டையில் அவள் பத்மா சண்முகம் ஆகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு வங்கியில் கணவர் பெயரின் முதலெழுத்து முன்னால் ஏறுகிறது. ஆதார் முகவரியில் இன்னார் மனைவி என்று இருக்கிறது. கட்டணச் சேவையின் கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். பெயர் பொருந்தவில்லை என்றதும் கணக்கு முடக்கப்படும். வெளிநாட்டு க்ளையண்டோ கடைசிப் பெயரைத்தான் மரியாதைப் பெயராக நினைக்கிறார். 'அன்புள்ள திரு. சண்முகம்' என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் பத்மாவுக்கு வந்துகொண்டிருக்கும். ஷெர்லி ஸ்டீவ் என்ற பெயரைத் தானே எடுத்துக்கொண்டார். நமக்கு ஆண் பெயரைப் படிவமே கொடுத்துவிடுகிறது, கழற்றவும் முடியாது.

என் கணக்கையும் ஒரு கட்டணச் சேவை முடக்கியது. எது என்பது இங்கே முக்கியமில்லை. 1,140 டாலர் உள்ளே. பான் அட்டைப் பெயரும் வங்கிப் பெயரும் ஒருவருடையவைதான் என்று நிரூபிக்கத் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் திருமணம் 2006இல் கோயிலில் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டம் 2009இல்தான் வந்தது. எங்களிடம் இருந்தது கோயில் ரசீதும் ஒரு வீடியோ கேசட்டும். கடைசியில், வங்கியில் மனுக் கொடுத்துக் கணவர் பெயரிலிருந்து பழையபடி அப்பா பெயருக்குத் திரும்பினேன். முடக்கம் நீங்கியது. பத்தொன்பது நாள். அந்த மாதத்து மளிகைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் சிறுவாடுதான் உதவியது.

தாய் தனித்து வளர்த்த பிள்ளைகள் பான் விண்ணப்பத்தில் தந்தை பெயர் இல்லாமல் தாயின் பெயரை மட்டும் கொடுக்கலாம் என்ற திருத்தம் 2018 டிசம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதி நூற்றாண்டு கழித்துக் கிடைத்த ஒரு கட்டம்.

இதற்கிடையில் 2016 நவம்பர் 8. 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அன்று இரவு, தமிழ்நாட்டின் அஞ்சறைப் பெட்டிகள் காலியானதை நாம் எல்லோரும் பார்த்தோம். சிறுவாட்டை மாற்ற வேண்டுமென்றால் வங்கிக்குப் போக வேண்டும். வங்கிக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் சொல்ல வேண்டும். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு சொன்னது. வரித்துறை கேட்காது, சரி. வீட்டில் கேட்டார்களே. அதே ஆண்டில் வந்த யுபிஐ இன்று பூக்கடை வரை வந்துவிட்டது. கைப்பேசி எண்ணைத் தட்டினால் வங்கியில் பதிந்த முழுப் பெயர் முன்பின் தெரியாதவருக்கும் தெரிகிறது.

2017இல் ஜிஎஸ்டி வந்தது. மாநிலம் தாண்டிச் சேவை அளிப்பவர்கள் எல்லோரும் பதிவு செய்தாக வேண்டும் என்று முதலில் இருந்ததை, அந்த அக்டோபரில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தளர்த்தினார்கள். பதிவு செய்தவர்களின் எண்ணைக் கொண்டு யார் தேடினாலும் சட்டப்பூர்வப் பெயரும் தொழில் நடக்கும் இடத்தின் முகவரியும் திரையில் வரும். நிறுவனங்களுக்கு இது நியாயமான வெளிப்படைத்தன்மை. வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த முகவரி, அவள் தூங்கும் வீட்டின் முகவரி. எண்ணோ அவள் அனுப்பும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இருக்கிறது. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இன்வாய்ஸ் கேட்டதற்கு நள்ளிரவில் வசவு அனுப்பும் க்ளையண்டைச் சந்தித்த எவருக்கும் அது என்ன பயம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்காகவே மாதம் இரண்டாயிரம் கொடுத்து, போகாத ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாடகைக்கு வைத்திருக்கும் பெண்கள் உண்டு.

அதே 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் பெண்ணியவாதிகளின் நெடுநாள் எச்சரிக்கை ஒன்றையும் நீதிபதிகள் பேசினார்கள்: வீட்டின் தனியுரிமை என்ற பெயரில் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை மூடிவிடக் கூடாது. நல்லது. ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்கு, வீட்டாரிடமிருந்து, தன் பணம் பற்றிய தனியுரிமை வேண்டுமென்றால்? நம் பாட்டிகளுக்கு அது இருந்தது. எந்தச் சட்டமும் கொடுக்காமல், கடுகுக்கு அடியில் இருந்தது.

கண்காணிப்பின் இன்னொரு முனை அரசு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் அறிக்கை தர வேண்டிய நிறுவனமாகப் பதிவு செய்யவில்லை என்று 2020 டிசம்பரில் நிதிப் புலனாய்வுப் பிரிவு பேபாலுக்கு 96 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அபராதத்தை நீக்கியது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பேபால் உட்பட்டதே என்றது. அதற்கு முன்பே, 2021 ஏப்ரல் முதல், இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களைப் பேபால் கைவிட்டிருந்தது. 2023 அக்டோபர் 31இல் ரிசர்வ் வங்கி எல்லை தாண்டிய கட்டணங்களுக்குப் புதிய உரிம முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு படியிலும் நம்மைப் பற்றிய காகிதம் ஒன்று கூடியது.

முடக்கப்பட்ட கணக்கை மீட்பதற்கு ஒரு வழி உண்டு என்று இளைய தோழிகள் சொல்வார்கள்: பொதுவில் கத்த வேண்டும். உண்மைதான். 2013இல் மெயில்பைல், 2014இல் புரோட்டான்மெயில் என்ற இரண்டு மின்னஞ்சல் மென்பொருள் குழுக்கள், தனியுரிமையைக் காக்கும் மென்பொருளுக்காக மக்களிடம் திரட்டிய நிதியைப் பேபால் முடக்கியது. மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்ய அரசின் அனுமதி உங்களிடம் இருக்கிறதா என்று புரோட்டான்மெயில்காரர்களிடம் கேட்டதாக அவர்கள் எழுதினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது, கணக்குகள் விரைவில் திறந்தன. அவர்கள் கத்தியது சரி. ஆனால் எங்கள் ஈரோட்டுக்காரி எங்கே போய்க் கத்துவாள்? பெயரையும் தொகையையும் பொதுவில் வைத்தால்தான் நியாயம் கிடைக்குமென்றால், அந்த இரண்டையும் மறைத்து வைத்திருக்கும் பெண் 180 நாள் பேசாமல் காத்திருப்பாள். பல கட்டணச் சேவைகளின் ஒப்பந்தங்களில் பணத்தைப் பிடித்து வைக்கும் அதிகபட்சக் காலம் அது.

கடல் தாண்டினால் நிலைமை வேறு. இலங்கையில் பேபால் மூலம் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் நிலை. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரு திட்டத்தில் சேர்ந்து வேலை செய்த தோழி ஒருத்தி, அங்கே எல்லோரும் செய்வதைச் செய்தாள். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா மகனின் கணக்கில் பணம் வரும். அவர் அங்கிருந்து அனுப்புவார். நல்ல மனிதர், ஒரு சதமும் எடுக்கமாட்டார். ஆனால் கனடாவில் அது அவருடைய வருமானமாகத் தெரியும், க்ளையண்டுக்கு அவர் பெயர்தான் தெரியும், அவள் எவ்வளவு உழைக்கிறாள் என்று குடும்பத்தில் முதலில் அறிபவரும் அவர்தான். "அண்ணா அனுப்பின காசு எண்டுதான் அம்மா எல்லாருக்கும் சொல்லுறா" என்றாள். அண்ணனுக்கும் அது சங்கடமாம். திருத்தினால், கணக்கு விஷயம் வெளியே வந்துவிடும்.

அந்தக் காசில் கோப்பாய்ப் பக்கம் இரண்டு பரப்புக் காணி வாங்கியிருக்கிறாள். உறுதி அவள் பெயரில். டச்சுக்காரர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமை அங்கே இன்னும் சட்டம். திருமணத்துக்குப் பிறகு தேடிய சொத்துக்கு அதில் தேடியதேட்டம் என்று அழகான பெயர் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சென்ற வருடம் கணினி மாற்றுவதற்காக ஒரு பரப்பை விற்க நினைத்தாள். கணவர் மறுக்கவில்லை. எந்தக் காசில் வாங்கிய காணி என்று மட்டும் கேட்டார். அண்ணன் அனுப்பியது என்று ஊருக்குச் சொல்லி வைத்ததையே அவருக்கும் சொல்வதா, ஆறு வருட இன்வாய்ஸ்களை எடுத்துக் காட்டுவதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய கணினியிலேயே இன்னும் வேலை செய்கிறாள்.